மழைநீர் வடிகாலுக்கு யார் காசு கொடுப்பது?

(சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



லிஃப்ட், தண்ணீர் லாரி, செக்யூரிட்டி எல்லாம் பேசி முடித்துவிட்டோம். கடைசியாக மழைநீர் வடிகால். "அது மாநகராட்சி வேலையாச்சே, நாம் ஏன் பேச வேண்டும்?" என்று சிலர் கேட்டீர்கள். வேலை மாநகராட்சியுடையதுதான். ஆனால் அதற்கான காசு யாரோ ஒருவர் பையிலிருந்துதான் போகிறது. யார் பை என்பதைத்தான் நாம் பேச வேண்டும்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. சாலையோரம் நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனதை டிவியில் பார்த்தோம். கல்லாவி, சாமல்பட்டி பக்கம் சொந்தபந்தம் உள்ளவர்களுக்கு அந்த நாட்கள் எப்படிப் போயின என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவ்வளவு மழையை எந்த ஊர் வடிகாலும் தாங்காது. நான் பேச வந்தது 5 செ.மீ. மழையைப் பற்றி. வருடத்தில் சில தடவை வரும் அந்தச் சாதாரண மழைக்கே தெரு குளமாகிறதே, அதைப் பற்றி.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். ஒரு ஏக்கர் வளாகத்தில் 5 செ.மீ. பெய்தால் ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரியில் 17 லோடு. வளாகத்தில் முக்கால்வாசி கூரையும் கான்கிரீட்டுமாக இருந்தால், 12 லோடுக்கு மேல் கேட்டுக்கு வெளியே ஓடும். கோடையில் லோடு லோடாக வாங்குகிறோம், மழைக்காலத்தில் லோடு லோடாகத் தெருவுக்கு அனுப்புகிறோம்.

நம் லிஃப்ட் தகராறு நினைவிருக்கும். தரைத்தளத்துக்காரர், "நான் லிஃப்டில் ஏறுவதே இல்லை, எனக்கு எதற்குச் செலவு?" என்பார். அதில் ஒரு நியாயம் இருக்கலாம். மேட்டில் வீடு உள்ளவரும், "என் வாசலில் தண்ணீர் நிற்பதில்லை, வடிகாலுக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்?" என்கிறார். இந்த வாதம் நிற்காது. அவர் வாசலில் தண்ணீர் நிற்காததற்குக் காரணமே அது பள்ளத்தில் இருப்பவர் வாசலுக்குப் போய்விடுவதுதான். வடிகாலை அதிகம் பயன்படுத்துபவர் தண்ணீரை அனுப்புகிறவர். மாட்டிக்கொள்பவரை வைத்துக் கணக்குப் போடக் கூடாது.

இப்போது காசு எங்கிருந்து வருகிறது?

ஒன்று, கடன். சென்னையில் கொசஸ்தலையாறு வடிநில வடிகால்களுக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2021இல் 251 மில்லியன் டாலர் கடன் ஒப்புக்கொண்டது. கோவளம் வடிநிலத்துக்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கி. கடனைத் திருப்பிக் கட்டுவது அரசுக் கஜானா. கல்லாவியில் சோப்பு வாங்குகிறவர் கொடுக்கும் ஜி.எஸ்.டி.யும் அதில் சேர்த்தி.

இரண்டு, சொத்து வரி. அது முக்கியமாகக் கட்டடப் பரப்பை வைத்துப் போடப்படுகிறது. பத்து மாடிக்கும் வரி உண்டு, ஆனால் மழை விழுவது ஒரே கூரையில். பக்கத்தில் ஒரு சின்ன ஷெட், சுற்றிலும் பெரிய கான்கிரீட் யார்டு. அங்கிருந்து வரும் தண்ணீர் அதிகம், வரி குறைவு.

மூன்று, புதிதாகக் கட்டுபவரிடம் வசூலிக்கும் உட்கட்டமைப்புக் கட்டணம். அதை பில்டர் ஃபிளாட் விலையில் ஏற்றிவிடுவார். ஏற்கெனவே கட்டி முடித்தவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

நான்காவது வழி ஒன்று உண்டு. ஜெர்மனியின் பல நகரங்களில் மண்ணை மூடிய பரப்புக்கு, சதுர மீட்டர் கணக்கில் மழைநீர்க் கட்டணம் இருக்கிறது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் முன்பு தண்ணீர் மீட்டரை வைத்து வசூலித்தார்கள். மீட்டரே இல்லாத பெரிய பார்க்கிங் இடங்களுக்குக் கட்டணம் வரவில்லை. 2010 முதல் குடியிருப்பு அல்லாத சொத்துகளுக்குப் பரப்பு அடிப்படைக்கு மாறத் தொடங்கியதும் அவற்றுக்கும் பில் போனது. மழைநீரைத் தன் இடத்திலேயே இறக்குபவருக்குத் தள்ளுபடியும் உண்டு.

எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது. மண்ணை மூடியவர், மூடிய அளவுக்குக் கொடுக்கட்டும். அபார்ட்மென்ட், கல்யாண மண்டபம், தொழிற்சாலை, குடோன் யாருக்கும் விலக்கு வேண்டாம். சாலைகள் அரசு போட்டவை, அவற்றில் ஓடும் தண்ணீருக்கு அரசு கொடுக்கட்டும். ஓட்டு வீட்டிலும் ஒண்டுக் குடித்தனத்திலும் இருப்பவர்களிடம் கேட்கக் கூடாது. பெரும்பாலும் பள்ளத்தில் இருப்பதும் அவர்கள்தான்.

இப்படிச் சொன்னால் நமக்கும் பில் வரும். தெரிந்தேதான் சொல்கிறேன். ஓசூர் 2019இல் மாநகராட்சியானது, இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இங்கிருந்து ஓடும் தண்ணீர் தென்பெண்ணையில் சேர்ந்து கிருஷ்ணகிரி அணைக்குத்தான் போகிறது. நமக்குக் கீழேயும் ஊர்கள் இருக்கின்றன.

ஆகவே மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, நம் வளாகத்தில் கூரை எவ்வளவு, கான்கிரீட் எவ்வளவு, மண் எவ்வளவு என்று அளந்து நோட்டீஸ் போர்டில் போடுவோம்.

இரண்டாவது, மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். நம் குழிகளில் சேறு அடைத்திருந்தால் அவை இருந்தும் பயனில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் தூர்வாருவோம். விசிட்டர் பார்க்கிங்கில் தண்ணீர் இறங்கும்படி இடைவெளி விட்ட கல் பதிப்போம்.

மூன்றாவது, வார்டின் பகுதி சபையில் எழுத்து மூலம் கேட்போம். வடிகாலுக்கென்று கட்டணம் போட்டால் மூடிய பரப்பை வைத்துப் போடுங்கள், நீரை மண்ணில் இறக்குபவருக்குக் குறையுங்கள், வசூலான பணத்தைத் தனிக் கணக்கில் வையுங்கள், எந்தத் தெருவில் எவ்வளவு செலவானது என்று வெளியிடுங்கள். கடைசி இரண்டும் இல்லாவிட்டால் காசு கொடுக்க யாருக்கும் மனசு வராது.

அடுத்த கூட்டத்தில் ஓட்டெடுப்பு. அதற்குள் ஒரு மழை பெய்தால், குடையோடு கேட் வரை வந்து, நம் வளாகத்திலிருந்து போகும் தண்ணீரை ஐந்து நிமிடம் பாருங்கள். பார்த்துவிட்டு ஓட்டுப் போடுங்கள்.