கூட்டுத் தொழிலும் கணக்குக் கொப்பியும்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் பேசியது. மலர்க் குழுவினர் கேட்டதற்கிணங்க எழுதித் தரப்படுகிறது.)



நான் மேடைப் பேச்சாளன் இல்லை. ஏ.எல். சோதினையோடு படிப்பு முடிஞ்சுது. பகலில் ஃபக்ரறி வேலை, சனி ஞாயிறில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து செய்கிற இடியப்ப, சாப்பாட்டு ஓடர் வேலை. "கூட்டாகத் தொழில் செய்வது எப்படி" என்று பேசச் சொன்னார்கள். எப்படிச் செய்யக் கூடாது என்பதுதான் எனக்கு நன்றாகத் தெரியும். அதையே முதலில் சொல்லுகிறேன்.

தொடங்கின நாளில் எங்களுக்கு இருந்த உற்சாகம் கொஞ்சநஞ்சமில்லை. கிழமைக்கு 500 பாசல், ஆறு மாதத்தில் விக்ரம் வீதியில் கடை என்று கதைத்தோம். பொங்கலோடு அந்தச் சூடு ஆறிப் போச்சு. ஒருவருக்கு இரவு ஷிஃப்ற், இன்னொருவருக்குப் பிள்ளைக்குச் சுகமில்லை. வான் ஓடுற அண்ணை பிந்தி வருவார், யாரும் கேட்கமாட்டோம். வயதில் மூத்தவரை எப்படிக் கேட்கிறது? கணக்கும் அப்படித்தான். "எங்கடை ஆக்கள்தானே" என்று எழுதாமலே விட்டோம்.

நாலாம் மாதம் பெட்டியைத் திறந்து எண்ணினோம். எங்கள் மனக்கணக்குப்படி 2,300 டொலர் இருக்க வேணும். இருந்தது 1,660. பெட்டித் திறப்பு எங்களில் இளைய தம்பியிடம் இருந்தது. நான்தான் சொன்னேன்: "தம்பி, பெட்டி உன்னட்டைத்தானே இருந்தது." வேறொன்றும் சொல்லவில்லை. அவன் என்னைப் பார்த்தான், திறப்பை மேசையில் வைத்தான், சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

பிறகு இரண்டு கிழமை இருந்து வீடுவீடாகக் கேட்டு எழுதினோம். கடனுக்குக் கொடுத்து வாங்காமல் விட்டது 310. பெற்றோல், ஐஸ், பார்க்கிங் என்று ஆளாளுக்குப் பெட்டியிலிருந்து எடுத்தது 180. ஓர் அந்தியேட்டி வீட்டுக்கு "காசு வேண்டாம்" என்று கொடுத்த சாப்பாடு 120. அதைக் கொடுக்கச் சொன்னதும் நான்தான்! மிச்சம் 30 டொலர் எங்கே என்று இண்டைக்கும் தெரியாது. தம்பி ஒரு சதம் எடுக்கவில்லை.

அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். தேத்தண்ணி போட்டுத் தந்தான். "பரவாயில்லை அண்ணை" என்றான். ஆனால் தொழிலுக்குத் திரும்பி வரவில்லை.

எங்கடை அப்பா சங்கக்கடையில் வேலை செய்தவர். 1990களின் கடைசியில் மல்லாவியில் இருந்தபோது, இரவில் ஜாம்போத்தல் விளக்கில் இருந்து கூப்பனையும் மிச்ச அரிசியையும் சரிபார்ப்பார். ஒரு கிலோ குறைந்தாலும் திரும்பவும் நிறுப்பார். "ஆர் உங்களைச் சந்தேகப்படப் போகினம்?" என்று அம்மா கேட்பா. "சந்தேகப்படாமல் இருக்கத்தான் நிறுக்கிறன்" என்பார். அப்போது எனக்கு அது விளங்கவில்லை. கணக்கு என்பது கள்ளனைப் பிடிக்க மட்டும் என்று நினைத்திருந்தேன். கள்ளனில்லாதவனைக் காப்பாற்றுவதும் அதுதான். எங்களிடம் ஒரு கொப்பி இருந்திருந்தால் அந்தத் தம்பி இன்றும் எங்களோடு நிற்பான்.

கூட்டுறவு எங்களுக்குப் புதிசில்லை. இலங்கையில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1911இல் வந்தது. மூளாயில் ஊரவர்கள் கூட்டுறவு முறையில் ஆஸ்பத்திரியே நடத்தினார்கள். யாழ்ப்பாணம் வீரசிங்கம் மண்டபம் என்றதும் 1974 தமிழாராய்ச்சி மாநாட்டுத் துயரம்தான் எங்களுக்கு ஞாபகம் வரும். அது கூட்டுறவாளர்களின் மண்டபம். மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராக இருந்து கூட்டுறவுக்கு உழைத்த வீரசிங்கத்தின் பெயர் அது.

இங்கிலாந்தில் ரொச்டேல் என்ற ஊரிலும் எங்களைப் போல ஆலைத் தொழிலாளரும் கைவினைஞருமான 28 பேர் 1844 டிசம்பர் 21ஆம் திகதி ஒரு சின்னக் கடை திறந்தார்கள். மாவும் வெண்ணெயும் சீனியும் ஓட்சும்தான் முக்கியச் சரக்கு. வேலை முடிந்த பின்னேரங்களில் மட்டும் கடை. அவர்களின் கட்டுப்பாடுகளில் இரண்டு: நிறை சரியாக இருக்க வேணும், கடன் கொடுக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கை எல்லாருக்கும் முன்னால் வைத்தார்கள். ஆளுக்கு ஒரு வாக்கு, எவ்வளவு காசு போட்டாலும். எங்கள் 310 டொலரை நினைத்துக்கொண்டு இதை வாசித்தேன்.

இப்ப நாங்கள் செய்கிறதைச் சொல்லுகிறேன். ஒரு கொப்பி. காசு வந்தாலும் போனாலும் அந்த இடத்திலேயே எழுத்து, இரண்டு பேர் கையெழுத்து. சும்மா கொடுத்தாலும் "சும்மா" என்று எழுத வேணும். தர்மம் செய்ய வேண்டாம் என்று இல்லை, எல்லாரும் சேர்ந்து செய்யலாம்.

ஃபக்ரறியில் வெள்ளைப் பலகை ஒன்று இருக்கும், மணித்தியாலத்துக்கு எத்தனை செய்ய வேணும், எத்தனை செய்தோம் என்று. முன்பு அதைக் கண்டால் எனக்கு எரிச்சல். இப்ப எங்கள் குசினியிலும் ஒன்று தொங்குது. ஆருக்கு என்ன வேலை, எத்தனை மணிக்கு என்று அவரவரே எழுத வேணும். பிந்தினால் பலகை கேட்கும், நான் கேட்கத் தேவையில்லை. வான் அண்ணையும் இப்ப ஐந்தரைக்கே வந்துவிடுவார். கேட்கப் பயந்தது நாங்கள்தான், அவருக்குக் கோபமே வரவில்லை.

500 பாசல் கனவையும் விட்டோம். 40இல் தொடங்கினோம். நாலு கிழமை பிந்தாமல், குறையாமல் கொடுத்தால்தான் இன்னும் பத்து. ஒரு கிழமை பிழைத்தால் திரும்ப ஒன்றிலிருந்து எண்ணுவோம். இப்ப 90. சின்னதுதான், ஆனால் ஒவ்வொரு பத்தும் கூடுகிற கிழமை எல்லாருக்கும் ஒரு துள்ளல் வருகுது. முந்தின உற்சாகம் வாயில் இருந்தது, இது காலில் இருக்குது.

ரொயொட்டாக் கம்பனி மெல்பேர்ண் ஆல்ரோனாவில் 2017 ஒக்ரோபர் வரை கார் செய்தது. அவர்களின் முறையில் பிழை கண்ட எந்தத் தொழிலாளியும் ஒரு கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம், தேவையென்றால் லைனே நிற்கும். எங்களுக்குக் கயிறு இல்லை, "நிப்பாட்டுங்கோ" என்ற சொல்தான். ஒரு சனிக்கிழமை இடியப்ப அக்கா சம்பலை மணந்துபார்த்து, "நிப்பாட்டுங்கோ, இது சரியில்லை" என்றா. தேங்காய் கொண்டுவந்தது வான் அண்ணை. முந்தியென்றால் அக்கா வாய் திறந்திருக்கமாட்டா. 60 பாசலுக்குப் போட வைத்த சம்பலைக் கொட்டினோம். அண்ணை தானே போய் வேறு தேங்காய் வாங்கிவந்தார்.

தொழில் தொடங்க நினைக்கிறவர்களுக்கு இன்னும் சில விசயம். முதலில் உங்கள் விசாவில் வேலை செய்யும் உரிமை இருக்கிறதா என்று பாருங்கோ. பங்காளிகளாகச் செய்தால் ஒருவர் வைத்த தொழில் கடனுக்கு மற்றவரும் பொறுப்பு. நியூ சவுத் வேல்சில் ஐந்து பேர் இருந்தாலே கூட்டுறவுச் சங்கமாகப் பதியலாம். கவுன்சிலுக்கு அறிவிக்காமல் சாப்பாடு விற்க வேண்டாம். சூட்டுச் சாப்பாடு 60 பாகைக்கு மேல், குளிர்ச் சாப்பாடு 5 பாகைக்குக் கீழ் இருக்க வேணும். 2023 டிசம்பரிலிருந்து சாப்பாட்டு வியாபாரத்துக்குப் புதிய விதிகள் வந்திருக்கு. அதுக்கும் கொப்பி வேணும், பாருங்கோ.

எங்கள் கொப்பியைக் கொண்டுவந்திருக்கிறேன், தேத்தண்ணி மேசையில் கிடக்குது, விரும்பியவர்கள் பார்க்கலாம். முதற் பக்கத்தில் ஐந்து பெயர் எழுதியிருக்கு. ஐந்தாவது பெயரை நாங்கள் வெட்டவில்லை. அந்தத் தம்பியைக் காண்கிறவர்கள் சொல்லிவிடுங்கோ.