சக்திமான் யாருக்காகத் திரும்பி வர வேண்டும்?



2022 பிப்ரவரியில் சோனி பிக்சர்ஸ் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சக்திமான் திரைப்படமாகிறது, அதுவும் மூன்று பாகங்களாக. அந்த வாரம் எங்கள் கன்னிவாடி டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. முருங்கைக்கு விலை இல்லாத கவலையைக்கூட ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசினார்கள். "மாப்ள, முகேஷ் கன்னா இல்லாம என்னத்தடா எடுக்குறது?" என்றார் ஒருவர். "அவருக்கு வயசாகிப்போச்சு மச்சான், அந்த டிரெஸ்ஸப் போட்டு அவரு சுத்துனா நல்லாவா இருக்கும்?" என்றார் இன்னொருவர். இரண்டு பேரும் சொன்னது சரி. அதுதான் இதிலுள்ள சிக்கல்.

ஆண்டுகள் ஓடிவிட்டன. படம் வந்தபாடில்லை. மின்னல் முரளி படத்தை எடுத்த பாசில் ஜோசப் இயக்கப்போகிறார் என்று ஒரு செய்தி, ரன்வீர் சிங் நடிக்கப்போகிறார் என்று இன்னொரு செய்தி. ரன்வீர் இந்த வேடத்துக்குப் பொருந்த மாட்டார் என்று 2024 மார்ச்சில் முகேஷ் கன்னா வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அதே ஆண்டு நவம்பரில் பழைய உடுப்பை மாட்டிக்கொண்டு அவரே ஒரு முன்னோட்டத்தில் தோன்றினார். ரசிகர்களில் கண் கலங்கியவர்களும் உண்டு, தலையில் கை வைத்தவர்களும் உண்டு. புது சக்திமானாக நடிக்கத் தான் வரவில்லை என்று பிறகு அவரே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு பழைய தொடரை மீட்டெடுப்பதும் ஒரு கலைதான். அந்தக் கலையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அதற்கு முன் தொடரைப் பார்க்காத இளையவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

சக்திமான் 1997 செப்டம்பரில் தூர்தர்ஷனின் தேசிய ஒளிபரப்பில் தொடங்கி 2005 வரை ஓடியது. நானூறுக்கும் மேற்பட்ட பகுதிகள். இயக்கியவர் தின்கர் ஜானி. மகாபாரதத்தில் பீஷ்மராக நடித்து வீடுதோறும் அறிமுகமாகியிருந்த முகேஷ் கன்னாதான் நாயகன், தயாரிப்பாளரும் அவரே. அவருடைய நிறுவனத்தின் பெயரே பீஷ்ம் இன்டர்நேஷனல். கதையில் ஐம்பூதங்களின் ஆற்றலும் யோகமும் சேர்ந்து ஒரு மனிதனைச் சக்திமான் ஆக்குகின்றன. மற்ற நேரத்தில் அவன் கங்காதர். சோடாபுட்டிக் கண்ணாடி, தூக்கிய பல், கையில் கேமரா, ஒரு பத்திரிகை அலுவலகத்தில் எல்லோரிடமும் கேலி வாங்கும் அப்பாவி. அந்த அலுவலகத்தின் நிருபர் கீதா விஸ்வாஸ். எதிர்ப்பக்கம் இருளையே ஆளத் துடிக்கும் கில்விஷும், ஆய்வுக்கூடத்தில் விபரீதம் செய்யும் விஞ்ஞானி ஜேக்காலும்.

இதை அறிவியல் புனைவு என்று சொன்னால் எழுத்தாளர் சுஜாதாவின் வாசகர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும், அவர்களிடம் கடைசியில் வருகிறேன்.

எங்கள் கன்னிவாடிப் பக்கத்து மண்ணில் சக்திமானுக்கு ஒரு தனிப் பாதை உண்டு. மேற்கே மலை. அந்த மலையின் மேல் கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரம். மொட்டை மாடியில் ஒருவன் ஆன்டெனாவைத் திருப்ப, கீழே இருந்து இன்னொருவன் "தெரியுது... தெரியுது... போச்சு" என்று கத்த, சாலிடரிலும் டயனோராவிலும் வந்தது அந்தச் சிவப்பு உடுப்பு. பல வீடுகளில் டிவி கறுப்பு வெள்ளை. சிவப்பு என்பதே பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்த சேதிதான். பேச்சு இந்தி. யாருக்கும் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் கையை உயர்த்தி, ஒரு விரலைக் காட்டி, கிறுகிறுவென்று சுற்றினால் கங்காதர் சக்திமான் ஆகிவிடுவான் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் புரிந்தது. தலை சுற்றி மண்ணில் விழும்வரை சுற்றிப் பார்த்தார்கள். ஞாயிறு மதியம் கரண்ட் போனால் தெருவே அழுதது.

சக்திமான் காப்பாற்ற வருவார் என்று நம்பி ஆபத்தான வேலைகளில் பிள்ளைகள் இறங்குவதாகச் செய்திகள் வந்தபோது, முகேஷ் கன்னாவே திரையில் தோன்றி, இதையெல்லாம் செய்யாதீர்கள் என்று சொல்ல வேண்டிவந்தது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் சின்னச் சின்ன நல்ல பழக்கங்களைச் சொல்லும் ஒரு துணுக்கு வரும். குப்பையைக் கண்ட இடத்தில் போட்ட பையன் சக்திமானிடம் மன்னிப்புக் கேட்பான். இன்றைக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வரலாம். அன்று அது வேலை செய்தது.

இப்போது ரசிகர்களின் கவலைகளுக்கு வருகிறேன். முதல் கவலை முகம். யார் நடிப்பது? இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கீதா விஸ்வாஸாக முதலில் நடித்தவர் கிட்டு கித்வானி. பிறகு வைஷ்ணவி மகந்த் வந்தார். பிள்ளைகள் இரண்டு வாரம் முகம் சுளித்துவிட்டு அப்புறம் மறந்துவிட்டார்கள். இரண்டாவது கவலை கிராபிக்ஸ். பழையதில் சக்திமான் பறக்கும்போது பின்னணி தனியாக, ஆள் தனியாகத் தெரியும். புதியதில் கோடிகளைக் கொட்டி அதைச் சரிசெய்வார்கள். செய்யட்டும், ஆனால் அதனால் மட்டும் யாரும் பத்து வயதுக்குத் திரும்பிவிடப் போவதில்லை.

மூன்றாவது கவலைதான் எனக்கு உண்மையானதாகப் படுகிறது. ரசிகர் வாய்விட்டுச் சொல்லாதது அது. அவர் திரும்பக் கேட்பது சக்திமானை அல்ல. கரண்ட் போகாத ஒரு ஞாயிற்றுக்கிழமையை, அம்மா தட்டில் வைத்த சோற்றை, கூட உட்கார்ந்து பார்த்த கூட்டாளிகளைக் கேட்கிறார். அதை எந்தத் தயாரிப்பாளரும் தர முடியாது. ஆனால் தருவதாகச் சொல்லி டிக்கெட் விற்கலாம். இன்று உலகமெங்கும் நடக்கும் வியாபாரம் அதுதான். பழைய பின்னணி இசையில் நான்கு வினாடி, பழைய வசனம் ஒன்று, பழைய நடிகர் கதவைத் திறந்து நுழைகிறார், அரங்கில் விசில். படம் முடிந்து வெளியே வந்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

2020 ஏப்ரலில், ஊரடங்கு நாட்களில், தூர்தர்ஷன் பழைய சக்திமானையே மறுபடி ஒளிபரப்பியது. என் அக்கா மகனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பெருமையாகக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாமா, இவரு ஏன் இவ்ளோ நேரம் சுத்துறாரு? அதுக்குள்ள வில்லன் ஓடிட மாட்டானா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. எனக்குக் கோபம் வந்தது. அவன் தொடரையா கேலி செய்தான்? இல்லை. என் பிள்ளைப் பருவத்தைக் கேலி செய்ததாக நான்தான் எடுத்துக்கொண்டேன். ஆனால் கங்காதர் வரும் காட்சிகளில் அவன் விழுந்து விழுந்து சிரித்தான். எல்லோரும் மட்டம் தட்டும் ஒருவனுக்குள் யாருக்கும் தெரியாத பலம் இருக்கிறது என்ற அந்த ஒன்று மட்டும் அவனுக்கும் பிடித்துவிட்டது.

என்னைக் கேட்டால் மீட்டெடுக்க வேண்டியது அதைத்தான். பழைய தொடரைப் பார்த்தவனுக்காக எடுத்தால் அது நினைவஞ்சலி. பார்க்காதவனுக்காக எடுத்தால்தான் அது மறுபிறப்பு.

இதை நன்றாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனில் பிபிசியின் டாக்டர் ஹூ தொடர் 1963 நவம்பரில் தொடங்கி 1989இல் நின்றுபோனது. 1996இல் ஒரு தொலைக்காட்சிப் படம் எடுத்துப் பார்த்தார்கள், ஒட்டவில்லை. 2005இல் ரசல் டி டேவிஸ் அதைத் திரும்பக் கொண்டுவந்தார். சிறுவயதிலிருந்தே அந்தத் தொடரின் ரசிகர் அவர். அப்படிப்பட்டவர் பழைய சாகசங்களை எல்லாம் நினைவூட்டித் தொடங்கியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. லண்டனில் ஒரு கடையில் வேலை பார்க்கும் ரோஸ் என்ற பெண்ணின் பார்வையில் தொடங்கினார். அவளுக்குத் தொடரின் நாயகன் டாக்டர் யாரென்றே தெரியாது. அவளோடு சேர்ந்து புதுப் பார்வையாளரும் தெரிந்துகொண்டார். பழைய ரசிகருக்கும் குறை இல்லை, தெரிந்தவர் வீட்டுக்குள் ஒரு புதுப் பிள்ளை நுழைவதைப் பார்க்கும் சுகம் அவருக்கு.

அமெரிக்காவில் 1978இல் வந்த பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவை 2003இல் மறுபடி எடுத்தபோது, ஸ்டார்பக் என்ற ஆண் பாத்திரத்தைப் பெண்ணாக்கிவிட்டார்கள். பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். தொடர் நன்றாக வந்ததும் அந்தக் கொதிப்பு அடங்கியது. ரசிகர் சொல்வதைக் கேட்க வேண்டியதுதான். அவர் சொல்கிறபடியே எடுக்க வேண்டும் என்பதில்லை.

சக்திமானில் இன்னொன்றையும் யாரும் பேசுவதில்லை. அது இலவசமாக வந்தது. வீட்டில் ஒரு டிவியும் மாடியில் ஒரு ஆன்டெனாவும் இருந்தால் போதும். டிவி இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு ஜன்னல் போதும். பார்லே-ஜி பிஸ்கட் விளம்பரம் அதற்குத் துணை நின்றது. தூர்தர்ஷன் நேரத்துக்கான கட்டணத்தை உயர்த்திக்கொண்டே போனதால்தான் தொடரை நிறுத்த நேர்ந்தது என்று முகேஷ் கன்னா பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இப்போது மூன்று பெரிய படங்களாக எடுத்தால், எங்கள் ஊர்ப் பிள்ளை பஸ் ஏறித் திண்டுக்கல் போய், டிக்கெட்டும் பாப்கார்னும் வாங்கிப் பார்க்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு அது ஒரு நாள் கூலிக்கு மேல். 2024 நவம்பரில் பிரசார் பாரதி தொடங்கிய வேவ்ஸ் செயலியில் பழைய சக்திமான் இருக்கிறது. புதியதும் அப்படி ஒரு வழியில், வாராவாரம், வீட்டுக்கே வந்தால்தான் அது சக்திமான். இரண்டரை மணி நேரத்தில் முடிந்துபோகும் சக்திமானை அடுத்த வாரம்வரை யாரும் விளையாட முடியாது.

பாசில் ஜோசப்பின் பெயர் அடிபட்டபோது எனக்கு நம்பிக்கை வந்தது, ஊர்ப் பிள்ளையின் கதையை எடுக்கத் தெரிந்தவர் அவர் என்பதால். 2021 டிசம்பரில் வந்த மின்னல் முரளியில் நாயகன் ஒரு கிராமத்துத் தையல்காரன். அவன் முகமூடிக்கு வேண்டிய துணி அவன் கடையிலேயே இருக்கிறது. வில்லனைப் பார்த்தாலும் பாவமாக இருக்கும். அந்தப் படம் ஊர் ஊராகப் பேசப்பட்டது. தமிழில் 2019இல் மித்ரன் எடுத்த ‘ஹீரோ’ படமும் சக்திமானாக ஆசைப்படும் ஒரு சிறுவனிடம்தான் தொடங்கும். அதன் பிறகு கல்வி, கண்டுபிடிப்பு என்று நல்ல விஷயத்துக்குப் போனாலும், நாயகனின் சினிமா நடையை அந்தப் படத்தால் விட முடியவில்லை.

சரி, சுஜாதா வாசகர்களிடம் வருகிறேன். தமிழில் மீட்டெடுக்கத் தகுந்த அறிவியல் புனைவு எது என்று கேட்டால் என் பதில் சக்திமான் அல்ல, ஜீனோ. ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’வும் அதன் தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’வும் 1980களில் எழுதப்பட்டவை. முதல் கதை தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. ஜீவா என்ற ஆட்சியாளரின் கீழ் ஒரு நாடு. பிள்ளை பெறவும் அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும். அங்கே நிலா என்ற பெண்ணின் கணவன் காணாமல் போகிறான். அவளுக்குத் துணையாக வருவது ஜீனோ என்ற இயந்திர நாய். புத்தகம் படிக்கும், எதிர்த்துப் பேசும், எஜமானனைவிட நிதானமாக யோசிக்கும்.

அந்தக் கதை நடக்கும் ஆண்டுகள் இப்போது நம் காலண்டரில் கழிந்துவிட்டன. மீட்டெடுப்பவருக்கு இது பெரிய தலைவலி, பெரிய வாய்ப்பும்கூட. அன்று வாசகனை வியக்க வைத்தது நாய் பேசியது. இன்று செல்போனிலேயே இயந்திரம் பேசுகிறது, கட்டுரை எழுதித் தருகிறது. ஆகவே பேச்சைக் காட்டி யாரையும் அசத்த முடியாது. மிச்சம் இருப்பது சுஜாதா உள்ளே வைத்திருந்த விஷயம்: ஆளுகிறவரை யாரும் நேரில் பார்த்ததில்லை, ஆனாலும் எல்லோரும் கீழ்ப்படிகிறார்கள். அதற்கு வயதாகவில்லை. என் பயமெல்லாம், எடுப்பவர்கள் இதை விட்டுவிட்டு ஜீனோவை வால் ஆட்டும் செல்ல பொம்மையாக்கிக் கடையில் விற்றுவிடுவார்களோ என்பதுதான். 2010இல் எந்திரன் வந்தது. அதன் வசனத்தில் சுஜாதாவின் பங்கும் உண்டு. படம் வெளியாவதைப் பார்க்க அவர் இல்லை, 2008 பிப்ரவரியிலேயே காலமாகிவிட்டார். எந்திரனின் பிற்பாதியில் இயந்திரம் யோசித்ததைவிடச் சண்டை போட்டது அதிகம்.

ஜீனோவை மீட்டெடுக்கக் கோடிகள் தேவையில்லை. டாக்டர் ஹூ தொலைக்காட்சியில் இல்லாத அந்த இடைக்காலத்தில், 1999 முதல் பிக் ஃபினிஷ் என்ற நிறுவனம் பழைய நடிகர்களையே வைத்து ஒலி நாடகங்களாக அதை உயிரோடு வைத்திருந்தது. தமிழ் வானொலிக்கு நாடகம் புதிதில்லை. கதையில் ஜீனோ பாதி நேரம் பேச்சுத்தான். நல்ல கலைஞர்கள் ஐந்தாறு பேர், ஒரு ஒலிப்பதிவுக் கூடம், வாரம் ஒரு அரை மணி நேரம் கிடைத்தால் போதும். நாயின் குரலுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். அதைக் கீச்சுக் குரலாகவோ குழந்தைக் குரலாகவோ ஆக்கிவிட வேண்டாம். கொஞ்சம் அலுப்போடு, எல்லாப் புத்தகத்தையும் படித்துவிட்டு நம்மைப் பொறுத்துக்கொள்ளும் ஒரு நடுத்தர வயது வாத்தியார் பேசுவதைப் போல இருக்கட்டும்.