குழிந்த மார்பும் சத்திரசிகிச்சையும்



நல்லூரிலும் மாவிட்டபுரத்திலும் ஆடவர் மேற்சட்டையைக் களைந்தே கோயிலினுள்ளே செல்லுதல் நம் வழக்கம். தாய் தகப்பனோடு வீதிவரை வந்துவிட்டு, ஏதோ சாக்குச் சொல்லி வெளியே நின்றுவிடும் பையன்கள் சிலர் உளர். கடலில் குளிக்கப் போனாலும் அவர்கள் கரையிலேயே இருப்பர். பக்திக்குறைவு என்றும் சோம்பல் என்றும் நாம் எண்ணிக்கொள்கிறோம். அவர்களுட் சிலருடைய சட்டைக்குள்ளே மறைந்திருப்பது நெஞ்சின் நடுவிலுள்ள ஒரு குழி. அக்குழியைப் பற்றியே இன்று பேச எண்ணினோம்.

நமக்குள்ள 12 சோடி விலாவெலும்புகளில் மேலுள்ள 7 சோடியும் முன்புறத்திலே குருத்தெலும்பினால் நடுமார்பெலும்போடு தொடுக்கப்பட்டிருக்கின்றன. இக்குருத்தெலும்புகள் ஒழுங்குதப்பி வளர, நடுவெலும்பு உள்ளே அமிழ்ந்தால் அது குழிந்த மார்பு. வெளியே தள்ளினால் புறாவின் நெஞ்சுபோன்ற கூர்ந்த மார்பு. முன்னதே அதிகம். ஏறக்குறைய 300, 400 பிள்ளைகளுக்கு ஒருவரிடம் காணப்படும். அவருள்ளும் ஆண்பிள்ளைகளே மிகுதி. சில குடும்பங்களில் வழிவழியாக வருவதுமுண்டு. குழந்தைப் பருவத்திற் சிறு பள்ளமாயிருந்தது, பையன் மளமளவென்று உயரும் வயதில் ஆழமாகிவிடும்.

ஜேர்மானியர் இதனைச் 'சப்பாத்துத் தைப்போர் நெஞ்சு' என்றனர். கருவியை நெஞ்சில் ஊன்றி அழுத்துவதால் வந்ததென்பது அவர்கள் எண்ணம்! பிறவியோடும் வளர்ச்சியோடும் வந்ததற்குப் பாவம், தொழிலைப் பழித்தார்கள். கூனியிருந்து படித்ததால் வந்தது என்று பிள்ளையை ஏசுவோர் நம்மிடையும் உண்டு. அதுவும் அதே வகைப் பேச்சுத்தான்.

இலேசான குழியினால் யாதொரு தீங்குமில்லை. அதற்குக் கத்தி வேண்டியதுமில்லை. ஆழமான குழியோ இருதயத்தின் வலப்பாகத்தை அழுத்தி, அதனை இடப்பக்கம் ஒதுக்கிவிடும். ஓடும்போது ஒத்த வயதினர் களைக்குமுன் இப்பையன் களைத்துவிடுவான். எது இலேசு, எது ஆழம் என்று கண்ணால் மதிப்பிடுதல் போதாது. சீ.ற்றீ. ஸ்கான் படத்திலே மார்பின் உள்ளகலத்தை, நடுவெலும்பிலிருந்து முதுகெலும்புவரையுள்ள தூரத்தால் வகுத்துப் பார்ப்பர். சாதாரண மார்பில் அது 2.5 அளவில் வரும், 3.25க்கு மேற்பட்டால் சத்திரசிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம். இக்கணக்கை 1987இல் வகுத்தவர் ஹாலர் என்னும் அமெரிக்கச் சத்திரவைத்தியர். பிள்ளை மிக நெடியவனாய், நீண்ட விரல்களையுடையவனாய் இருந்தால், மர்பான் என்னும் பிரெஞ்சு வைத்தியரின் பெயரால் வழங்கும் பரம்பரை நோய் உளதோவென்று இருதயத்தையும் பெருநாடியையும் சோதிப்பித்தல் அவசியம்.

இனிச் சிகிச்சைக்கு வருவோம். 1949இல் மார்க் றவிச் என்பவர் வெளியிட்ட முறையிலே, நெஞ்சைத் திறந்து, கோணிய குருத்தெலும்புகளை வெட்டி நீக்கி, நடுவெலும்பை உயர்த்தி நிறுத்துவர். நெடுங்காலம் இதுவே பெருவழக்கு. ஆனால் சிறு குழந்தைகளுக்கு இதனை அளவுகடந்து செய்தபோது பெருங்கேடு விளைந்தது. வளர்ச்சிக்குரிய இடங்களே வெட்டுண்டமையால், பிள்ளை வளர்ந்தும் மார்புக்கூடு வளரவில்லை, மூச்சு முட்டியது. இதனை 1996இல் எடுத்துரைத்தவரும் முற்கூறிய ஹாலரே. சிகிச்சை தெரிந்தால் மட்டும் போதுமா? காலமும் தெரியவேண்டுமன்றோ!

வேர்ஜீனியாவின் நோர்போக் நகரில் டொனால்ட் நஸ் என்பவர் வேறுவிதமாகச் சிந்தித்தார். பிள்ளைகளின் குருத்தெலும்பு வளைந்துகொடுப்பது. நெடுநாள் சுவாசநோயாளரான முதியோருக்குக்கூட நெஞ்சு பீப்பாய்போல் உருமாறுகிறது. கோணற் பல்லைக் கம்பி கட்டி நிமிர்த்துகிறோம். அப்படியிருக்க, மார்பை ஏன் வெட்டவேண்டும்? 1987இல் இரு பக்கத்திலும் சிறு துவாரமிட்டு, வில்லாக வளைத்த உருக்குத் தகடொன்றை நடுவெலும்பின் கீழே செலுத்தித் திருப்பினார். குழி மேலெழுந்தது. உடனே பறைசாற்றாமல், 42 பிள்ளைகளின் பத்தாண்டு அனுபவத்தைத் தொகுத்து 1998இலேயே வெளியிட்டார். இப்பொறுமையை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

தகடு 2, 3 ஆண்டுகள் உள்ளே இருக்கும், பின் எடுத்துவிடுவர். இன்று பெரும்பாலும் வளரிளம் பருவத்திலேயே இதனைச் செய்கின்றனர். சிறு துவாரமென்றதும் சிறு நோவென்று எண்ணற்க. முதல் நாட்களின் நோவு கடுமையானது. விலாநரம்புகளைக் கடுங்குளிரால் மரக்கச்செய்யும் முறை இப்போது அதனைத் தணிக்கிறது. தகடு இடம்பெயரலாம், கிருமி தொற்றலாம். மிக அரிதாக இருதயத்திலேயே காயம் பட்டதுமுண்டு. ஆகவே கமெராவினாற் பார்த்துக்கொண்டே, பழகிய கைகள் செய்யவேண்டிய காரியம் இது.

கூர்ந்த மார்புக்கோ வளரும் வயதில் வெளியே கட்டும் அழுத்துப்பட்டியே பலருக்குப் போதும். பல மாதங்கள், நாளில் பல மணி நேரம் அணியப் பையன் சம்மதிக்கவேண்டும், அவ்வளவே. குழிந்த மார்புக்கும் கத்தியில்லாத வழியொன்று உண்டு: நெஞ்சிற் கவிழ்த்துக் காற்றை உறிஞ்சிக் குழியை மேலிழுக்கும் கிண்ணம். இளகிய மார்பும், ஆழங்குறைந்த குழியும் உடையோருக்கே அது நன்கு பயன்படும். அதனை ஆக்கியவர் எக்கார்ட் க்ளோபே என்னும் ஜேர்மன் பொறியியலாளர். அவர் நெஞ்சிலும் இக்குழி இருந்தது.