கையால் செய்த ஹோல்டரே நம் பட்டறைக்கு உகந்தது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வாளையாறு பக்கத்திலிருந்தும், மலை இறங்கி மறையூர், மூணாறு பக்கத்திலிருந்தும் வந்திருக்கும் பட்டறைச் சொந்தங்களே!

லேத் பட்டறைக்கு உகந்தது கடையில் வாங்கும் டூல் ஹோல்டரா, கையால் செய்துகொள்ளும் டூல் ஹோல்டரா? செய்துகொள்வதே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு கணக்குச் சொன்னார். கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினால் கார்பைட் இன்சர்ட்டும் அதற்கான ஹோல்டரும் வாங்கிக்கொண்டு சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம். ஹோல்டரைக் கையால் செய்கிறேன் என்று ஒரு நாள் கூலியை இழப்பானேன் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கஞ்சிக்கோட்டில் சி.என்.சி. ஓட்டுகிற தொழிற்சாலைக்காரர் கேட்டிருந்தால், வாங்கிக்கொள்ளுங்கள் என்று நானே சொல்லியிருப்பேன். ஆனால் ஐயா, நம் பட்டறைகளில் ஓடுவது என்ன மெஷின்?

கார்பைட் நன்றாக வெட்ட வேகம் வேண்டும். 25 மி.மீ. மைல்டு ஸ்டீல் ஷாஃப்டை நிமிடத்துக்கு 150 மீட்டர் வெட்டுவேகத்தில் கடைய வேண்டுமென்றால் சக் நிமிடத்துக்கு 1,900 சுற்று சுற்றியாக வேண்டும். பெல்ட் மாற்றி ஓட்டுகிற பழைய லேத் பலவற்றில் அந்த வேகமே கிடையாது. எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட்டுக்கு 30 மீட்டர் போதும். கிட்டத்தட்ட 380 சுற்று. நம் மெஷின் நிம்மதியாக ஓடுகிற வேகம் அது.

நமக்கு வருகிற வேலையையும் பாருங்கள். சித்தூர் தாலுகாவின் மழை குறைந்த கிழக்கிலிருந்து போர்வெல் மோட்டார் ஷாஃப்ட் வரும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லத்துக்குக் கரும்பு பிழிகிற ஆலையின் உருளைத் தண்டு வரும். அந்தத் தண்டில் கீவே இருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் டூல் அந்தப் பள்ளத்தில் விழுந்து எழும். குறைந்த வேகத்தில் இப்படி இடி வாங்கினால் கார்பைட் முனை பெயர்ந்துவிடும். எச்.எஸ்.எஸ். தாங்கும்.

எச்.எஸ்.எஸ். பழைய சரக்கு என்றார் ஒரு நண்பர். 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில், டெய்லரும் வைட்டும் உருவாக்கிய அந்த டூல் முனை சிவக்கச் சிவக்க இரும்பைச் சீவியதைப் பார்த்து எஞ்சினியர்கள் அசந்து நின்றார்கள். அதன் வயது அதிகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் சாணைக்கல்லிலேயே கூர் ஏற்றிக்கொள்ளக்கூடிய உலோகம் அது. இன்சர்ட் மழுங்கினால் மறுபடியும் பஸ்தான்.

இப்போது நான் முன்வைக்கும் தொடுகோட்டு ஹோல்டருக்கு வருகிறேன். வழக்கமாக நாம் பிட்டைப் படுக்கவைத்துப் பிடிக்கிறோம். மேல், முன், பக்கம் என்று மூன்று முகத்தைச் சாணை பிடிக்கிறோம். பிடிக்கப் பிடிக்க முனை தாழும். சென்டருக்கு ஏற்ற ஆக்ஸா பிளேடுத் துண்டை அடியில் செருகிக்கொண்டே இருக்கிறோம். தொடுகோட்டு ஹோல்டரில் பிட் ஏறக்குறைய நட்டமாக, சுற்றுகிற ஷாஃப்டைத் தொட்டாற்போல் நிற்கும். அதன் தலை ஷாஃப்ட் பக்கம் 12 டிகிரி, சக் பக்கம் 12 டிகிரி சாய்ந்திருக்கும். முன் கிளியரன்ஸ், பக்கக் கிளியரன்ஸ் இரண்டையும் அந்தச் சாய்வே தந்துவிடுகிறது. சாணைக்கு மிச்சம் தலை ஒன்றுதான். முனை தேய்ந்தால் போல்ட்டைத் தளர்த்தி, பிட்டை மேலே தள்ளி இறுக்கினால் சென்டர் வந்துவிடும். வெட்டுகிற பாரமும் பிட்டின் நீளவாக்கிலேயே இறங்குவதால் முனை துள்ளாது. ஒரு தடவைக்குக் கால் மில்லி தேய்த்தால்கூட, 50 மி.மீ. நீளம் 200 சாணைக்கு வரும்.

இதைச் செய்வதில்தான் பாடம் இருக்கிறது. இரண்டு 12 டிகிரியும் சேர்ந்து மூலைவாக்கில் சுமார் 17 டிகிரி ஆகிறது. பிட்டின் தலையை நேராக விட்டால் முகம் அந்த 17 டிகிரியும் ஷாஃப்ட் பக்கம் தாழ்ந்துபோய், வெட்டுவதற்குப் பதில் நசுக்கும். ஆகவே வெட்டுகிற மூலையிலிருந்து பின்னோக்கி இறங்கும்படி 30 டிகிரி சாணை பிடிக்கிறோம். 17 போக 13 டிகிரி ரேக் கிடைக்கிறது. இந்தக் கணக்கைத் தானே போட்டு, அந்தச் சாய்வைத் தானே இரும்பில் வெட்டிய பையனுக்கு, ரேக் என்றால் என்ன என்று இனி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

செய்முறை பெரிய வித்தையும் இல்லை. 25 மி.மீ. சதுர எம்.எஸ். பார் ஒரு துண்டு. அதன் முனையை 12 டிகிரி சாய்த்துச் சீவி, அந்த முகத்தில் 8 மி.மீ. பிட்டுக்கான பள்ளத்தை இன்னொரு 12 டிகிரி சாய்த்து ஓட்ட வேண்டும். மேலே அழுத்த ஒரு பட்டை, இறுக்க ஆலன் போல்ட். கோணம் வைக்க சைன் பார் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், 100 மி.மீ. நீளத்துக்கு 21.3 மி.மீ. ஏறுகிற ஓர் ஆப்பு போதும். ஷேப்பர் இருந்தால் அதில் வெட்டுங்கள். இல்லாவிட்டால் சக்கில் எண்ட் மில்லை மாட்டி, பாரை டூல் போஸ்ட்டில் பிடித்து லேத்திலேயே வெட்டலாம். சாணைக்கு 30 டிகிரியில் பள்ளம் வைத்த ஒரு சின்ன ஜிக். கண்ணாடி போடாமல் சாணைக்கல் முன்னால் நிற்காதீர்கள் தம்பிகளா, இதை எந்த மேடையில் நின்றாலும் சொல்வேன்.

டர்னர் எதற்குக் கோணக் கணக்கில் தலையிட வேண்டும் என்று கேட்டார்கள். கணக்குப்போடும் எந்திரத்தை வடிவமைத்த சார்லஸ் பாபேஜ், உலோகம் கடையும் டூல்களின் தத்துவத்தைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். 1846-இல் வந்த ஹோல்ட்சாப்ஃபெல் நூலின் இரண்டாம் பாகத்தில் அது இருக்கிறது. நுட்பமான பாகங்களைக் கடைந்தெடுக்க வேண்டியவருக்கு டூலின் முனை சின்ன விஷயமாகத் தெரியவில்லை. நமக்கு மட்டும் ஏன் தெரிய வேண்டும்?

இந்த ஹோல்டரால் எல்லாம் ஆகும் என்று நான் சொல்லவில்லை. போரிங்குக்கு இது நுழையாது, பார்ட்டிங்குக்கு வேறு பிளேடு வேண்டும், கடினமாக்கிய ஸ்டீலுக்கு கார்பைட்தான். டர்னிங், ஃபேசிங் இரண்டுக்கும் இது போதும். ரிப்பேர் பட்டறையில் பெரும்பாலும் நடப்பது அந்த இரண்டுதான்.

மூணாறு தேயிலை அருங்காட்சியகத்தில் 1905-ஆம் ஆண்டு ரோலர் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் மலைமேல் ஒரு பாகம் உடைந்தால் அங்கேயே செய்துகொண்டால்தான் வேலை நடந்திருக்கும். அப்படிப்பட்ட கைத்திறனை நாள் கூலிக் கணக்கில் கழிக்கச் சொல்கிறது எதிரணி. நான் சம்மதிக்க மாட்டேன்.

நடுவர் அவர்களே, தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள். மலம்புழை அரசு ஐ.டி.ஐ.யிலும் மற்ற ஐ.டி.ஐ.களிலும் டர்னர் பிரிவு நடத்துகிற ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு மாணவனும் தன் கையால் செய்த ஒரு தொடுகோட்டு ஹோல்டரோடு வெளியே வரட்டும். அதற்கு வேண்டிய இரும்பை எங்கள் பட்டறைகள் தரும்.