135 பவுண்டுக்குக் கீழே

இன்னைக்கு பிரிட்டன் வரைக்கும் போயிட்டு, ஒரே ஒரு நம்பரைப் பத்திப் பேசப் போறோம்: 135.

வெளிநாட்டிலிருந்து பிரிட்டனுக்கு வரும் பார்சலின் மதிப்பு 135 பவுண்டைத் தாண்டலைன்னா சுங்கவரி கிடையாது. நம்ம பாஷையில ஒரு இஃப் கண்டிஷன். சின்ன பார்சலுக்கு வரி வசூலிக்கும் செலவு, வரியைவிட அதிகமாகிடும் என்பதுதான் காரணம். லாஜிக் சரிதான். ஆனா ஷீன், டெமு மாதிரி ஆப்கள் ஒவ்வொரு ஆர்டரையும் தனித்தனி பார்சலா சீனாவிலிருந்து வீட்டுக்கே அனுப்ப ஆரம்பிச்சாங்க. கோடு மாறலை, லோடு மாறிடுச்சு.

அதே சீனாவிலிருந்து அதே காட்டன் டி-ஷர்ட்டை ஒரு கடைக்காரர் கன்டெய்னர்ல மொத்தமா இறக்கினா 12 சதவீதம் சுங்கவரி கட்டணும். அவர் கோபம் நியாயம்தானே? அதனாலதான் இந்தச் சலுகையை 2029 மார்ச்சுக்குள் நீக்கப் போவதாக நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்தார்.

சரி, கடைத்தெரு பிழைச்சிடுமா? கணக்கு போடுவோம். 20 சதவீத வாட் வரி, 2021லிருந்து சின்ன பார்சலுக்கும் உண்டு. அதனால 5 பவுண்டு டி-ஷர்ட் இப்பவே வாட்டோட 6 பவுண்டு. சுங்கவரியும் சேர்ந்தா 6 பவுண்டு 72 பென்ஸ். இந்த 72 பென்ஸுக்காக ஆப்பை மூடிட்டு, பஸ் ஏறி யாராவது கடைக்குப் போவாங்களா?

இன்னொண்ணு. உல்வொர்த்ஸ் கடைகள் மூடினது 2009ல. பிஎச்எஸ் 2016ல. டெபன்ஹாம்ஸ் 2021ல. டெமு பிரிட்டனுக்கு வந்ததே 2023லதான்! கடை வாடகை, கட்டடத்துக்குக் கட்டும் பிசினஸ் ரேட்ஸ், மாறிப்போன ஷாப்பிங் பழக்கம் எல்லாம் அதுக்கு முன்னாடியே கடைகளை அரிச்சுக்கிட்டுத்தான் இருந்தது.

அந்த 72 பென்ஸைக் கடைசியில கட்டப் போறது யாரு? ஆப் கம்பெனி கொஞ்சம் தாங்கிக்கலாம். மிச்சம், மாசக் கடைசியில எண்ணி எண்ணிச் செலவு பண்றவங்க தலையிலதான் விழும்.

என் கருத்து? ஒரே பொருளுக்கு ரெண்டு விதி இருக்கக் கூடாது. வரி வரட்டும். ஆனா இது ஒரு பக் ஃபிக்ஸ், அவ்வளவுதான். இதைக் கடைத்தெருவைக் காப்பாத்தும் புது ஃபீச்சர்னு சொல்லி விக்காதீங்க. அப்படி நம்பிட்டா, வாடகையையும் ரேட்ஸையும் பத்தி யாரும் பேசவே மாட்டாங்க.

நீங்க என்ன நினைக்கிறீங்க? வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!