ஜூரிகளும் ஊரார் அபிப்பிராயமும்



ஜூரிகள் பன்னிரண்டு பேருடைய மனமும் வெள்ளைக் காகிதம் போலிருக்கும், கோர்ட்டில் கேட்டதை மாத்திரம் வைத்தே முடிவு சொல்லுவார்கள் என்பது சட்டத்தின் நம்பிக்கை. நம் நாட்டில் கிரிமினல் கேசுகளுக்கு இருந்த ஜூரி முறை 1973-ம் வருஷத்துச் சட்டத்தோடு போய்விட்டது. அமெரிக்காவிலோ இன்றும் பல கேசுகளில் ஒருவனுடைய உயிர் அந்தப் பன்னிரண்டு பேர் கையில்தான் இருக்கிறது. அப்படியானால் அக்காகிதம் வெள்ளைதானா என்று பார்த்துவிடுவது தப்பாகுமா என்று கேட்கின்றோம்.

1972-ல் பென்சில்வேனியாவிலுள்ள ஹாரிஸ்பர்க் நகரில் ஏழு பேர் மீது கேஸ் நடந்தது. வியட்நாம் யுத்தத்தை எதிர்த்தவர்கள். பாதிரியாரும் கன்னியாஸ்திரீயும் அதில் உண்டு. கிஸ்ஸிங்கரைக் கடத்தச் சதி செய்தார்கள் என்பது சர்க்கார் குற்றச்சாட்டு. ஜே ஷுல்மன் என்னும் சமூக ஆராய்ச்சிக்காரர் எதிரிகள் பக்கம் நின்று தொண்டர்களைக் கூட்டினார். அந்த வட்டாரத்தில் 840 பேரை டெலிபோனில் விசாரித்தார்கள். பிறகு 252 பேரை நேரில் கண்டு, சர்க்காரை எவ்வளவு நம்புகிறாய், எந்த மதம், எந்தப் பத்திரிகை என்று விவரமாய்க் கேட்டார்கள்.

கிடைத்தது என்ன? படித்தவர்கள் தாராள புத்தியுள்ளவர்கள் என்றே வக்கீல்கள் எண்ணியிருந்தார்கள். அந்த ஊர்க் கணக்கு அப்படியில்லை என்றது. படிப்பைவிட மதந்தான் அபிப்பிராயத்தைக் காட்டிக் கொடுத்தது. ஒரே கிறிஸ்து, ஆனால் சபைக்குச் சபை வேறு தீர்ப்பு! மதமொன்றும் இல்லாத பெண் ஜூரி கிடைத்தால் உத்தமம் என்று முடிவாயிற்று. பாதிரியாரைக் காப்பாற்ற மதமில்லாதவரைத் தேடிய வேடிக்கையை என்னவென்பது!

கடைசியில் சதிக் குற்றத்தில் பத்துப் பேர் விடுதலை என்றார்கள், இரண்டு பேர் ஒப்பவில்லை. ஆகவே தீர்ப்பே ஏற்படவில்லை. அவ்விருவரில் ஒருத்தியின் பிள்ளைகள் யுத்தத்திற்குப் போக மறுத்தவர்கள். நம்மவள் என்று எதிரிகள் கட்சி நம்பிய அம்மாள். ஆகையால் இக்கணக்கு ஜோசியமல்ல. ஊரைக் காட்டும், ஆளைக் காட்டாது.

ஊரைக் காட்டுவதே பெரிய காரியமென்பதற்கு வட கரோலினாவைப் பாருங்கள். 1974-ல் ஜெயிலில் இருந்த ஒரு கறுப்புப் பெண், தன்னைக் கெடுக்க வந்த வெள்ளைக் காவலனைக் குத்திக் கொன்றாள். அந்த வட்டாரத்து ஜனங்களின் துவேஷத்தைக் கணக்கெடுத்துக் காட்டிய பிறகு, விசாரணை ராலே நகருக்கு மாற்றப்பட்டது. 1975 ஆகஸ்டில் ஜூரிகள் அவளை விடுதலை செய்தார்கள். சொந்த ஊரிலேயே விசாரணை நடந்திருந்தால் அவள் கதி என்ன?

ஆனால் அவளுக்கு ஊர் ஊராய் நிதி திரண்டது. ஹாரிஸ்பர்க்கில் தொண்டர்கள் உழைத்தார்கள். இன்று இதற்கென்றே கம்பெனிகள் வந்துவிட்டன. பெரிய முதலாளிகள் நஷ்டஈட்டுக் கேசுகளுக்கு அவற்றைக் கூலிக்கு அமர்த்துகிறார்கள். எதிர்த்து நிற்கும் கையிழந்த தொழிலாளிக்கு யார் கணக்கெடுத்துக் கொடுப்பது? முறையையே தடுக்க வேண்டும் என்று சிலர் சொல்லுவதை நாம் ஒப்பவில்லை. கணக்கைக் கோர்ட்டே பொதுச் செலவில் எடுத்து, இரு கட்சிக்கும் ஒரே காகிதமாய்க் கொடுக்கட்டும் என்கின்றோம்.