காசு கேளாத ஆசிரியர்



இறந்தோரை நினைக்கும் இந்த நவம்பர் மாதத்தில் ஓர் இசை ஆசிரியரை நினைப்போம். அந்தோனியோ சாலியேரி என்றதும், 'அமதேயுஸ்' திரைப்படம் பார்த்தவர்கள், "மொசார்ட்டின் சாவுக்குக் காரணமானவர்தானே?" என்பார்கள். அதற்குச் சான்று ஏதுமில்லை. தொழிலில் போட்டி இருந்தது. எந்த ஊரில் இல்லை? ஆனால் மொசார்ட் இறந்தபின் அவருடைய இளைய மகன் இசை பயின்றது சாலியேரியிடமும்தான். கணவரைக் கொன்றவரிடமா ஒரு தாய் பிள்ளையை அனுப்புவார்?

1750இல் இத்தாலியில் பிறந்த சாலியேரி இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். 1766இல் வெனிஸ் நகரில் அவரைக் கண்ட புளோரியன் கஸ்மன் என்ற இசைஞர், அந்த 15 வயதுப் பையனை வியன்னாவுக்கு அழைத்துச் சென்று, தம் பொறுப்பில் வைத்துக் கற்பித்தார். இசைஞர்களின் கைம்பெண்களுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் உதவ 1771இல் சங்கம் தொடங்கியவரும் இவரே. 1774இல் அவரே இறந்துபோனார். அவருடைய இரு பெண்மக்களுக்கும் பாட்டுக் கற்பித்து, மேடைப் பாடகிகளாக ஆக்கியவர் யார் தெரியுமா? அன்று அவர் கைப்பிடித்து வந்த அதே பையன்தான்.

பேத்தோவனும் ஷூபர்ட்டும் சாலியேரியின் மாணவர்கள். வசதியற்றவர்களிடம் அவர் காசு வாங்கியதில்லை. பேத்தோவன் தம் மூன்று வயலின் சொனாட்டாக்களை அவருக்குக் காணிக்கையாக்கினார்.

1825இல் சாலியேரி இறந்தார். தமக்கென்று 1804இலேயே அவர் எழுதிவைத்திருந்த இசை, அவருடைய நினைவுத் திருப்பலியில் பாடப்பட்டது.

உங்களுக்கும் காசு வாங்காமல் பாட்டோ ஆர்மோனியமோ சொல்லித்தந்த ஒருவர் இருந்திருப்பார். இம்மாதத் திருப்பலிக் கருத்துகளில் அவர் பெயரையும் எழுதிக் கொடுங்கள்.